தறியும் தூளியும்

கல்வெட்டுகளை வைத்துச் சொல்வதென்றால், அரசாங்கம் நெசவாளன் வீட்டு வாசற்படியை மிதித்தது தறியை எண்ணுவதற்காகத்தான். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் தறியிறை, தறிக்கடமை என்று வரும் வரிகள் தறிக்கு இவ்வளவு என்று விதிக்கப்பட்டவை. கும்பினி ஆட்சியிலும் மொகதர்ப்பா என்ற பெயரில் தறிக்கு வரி இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் அது ஒழிந்தது. வரி போன இடத்தில் உதவி வந்தது. 1935-இல் சென்னை மாகாணத்தில் கைத்தறி நெசவாளர்களுக்கான தலைமைக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. கோ-ஆப்டெக்ஸ் என்று நாம் இன்று அறிவது அதைத்தான். தள்ளுபடி விற்பனை, கடன், வீட்டோடு சேர்ந்த தறிக்கூடத்துக்கான மானியம் என்று அடுத்தடுத்துத் திட்டங்கள் வந்தன. 2006-இல் கைத்தறி நெசவாளர் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசமாயிற்று. 2016-இல் அது 200 யூனிட், 2023-இல் 300.

இவை அனைத்திலும் எண்ணப்பட்டது தறி. அதே அறையின் உத்தரத்தில் தொங்கும் தூளி அரசின் கணக்குக்குள் வர வெகுகாலம் பிடித்தது. வந்த பிறகும் தறி ஒரு துறையின் பேரேட்டிலும் தூளி வேறொரு துறையின் பேரேட்டிலும் பதிவாயின. இரண்டும் ஒரே அறையில் இருக்கின்றன என்ற எளிய விஷயத்தை எந்தப் பேரேடும் எழுதிக்கொள்ளவில்லை. குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் அரசு நடத்திய மையங்களின் வரலாற்றை ஆரணி போன்ற ஒரு நெசவூரில் நின்று பார்க்கும்போது இது பளிச்சென்று தெரிகிறது. சென்னையில் கோட்டையிலிருந்து பார்த்தால் தெரியாது.

ஆரணி, கமண்டல நாகநதிக் கரையில் அரிசிக்கும் பட்டுக்கும் பேர்போன ஊர். பழைய வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1989-இல் மாவட்டம் பிரிந்தபிறகு திருவண்ணாமலையோடு போயிற்று. ஊருக்குள்ளும் தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு என்று சுற்றியுள்ள ஊர்களிலும் பட்டுத் தறிகள் ஓடுகின்றன. ஆரணிப் பட்டு பொதுவாகக் காஞ்சிப் பட்டைவிட எடை குறைந்தது. விலையும் கைக்கு அடக்கமானது. கல்யாணக் கூறைக்குக் காஞ்சிபுரம் போகிறவர்கள், உறவுக்காரர்களுக்கு எடுத்துக் கொடுக்க ஆரணிப் பட்டைத் தேடுவது வழக்கம்.

நெசவாளர் வீட்டில் தறிதான் பெரிய மனிதர். நல்ல வெளிச்சமும் காற்றும் வரும் இடம் அதற்குரியது. மற்றவர்கள் மிச்சமிருக்கும் இடத்தில் ஒண்டிக்கொள்ள வேண்டும். குழித்தறியானால் நெய்கிறவரின் கால்கள் தரைக்குக் கீழே குழிக்குள் இருக்கும். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறி வேலை நின்றுபோகும். மற்ற நாட்களில், தவழத் தொடங்கிய பிள்ளை அந்தக் குழியை நோக்கித்தான் வரும். ஊடைக்குத் தார் சுற்றுவது, அறுந்த இழையைப் பிணைப்பது, பாவு விரிக்கும்போது பிடிப்பது என்று தறியைச் சுற்றியுள்ள வேலைகளில் பெரும்பகுதி பெண்களுடையது. தறியில் உட்கார்ந்து நெய்கிற பெண்களும் ஏராளம். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நெசவாளர்களில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். ஆகவே குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா வீட்டிலேயே இருக்கிறாள் என்பது, வெளியே நின்று பார்ப்பவர்களின் கணிப்பு. அவள் வீட்டில்தான் இருக்கிறாள், வேலையிலும் இருக்கிறாள். ஒரு காலால் தூளியை ஆட்டிக்கொண்டே கையால் தார் சுற்றும் காட்சியை நெசவுத் தெருக்களை அறிந்த எவரும் பார்த்திருப்பார்கள்.

*

குழந்தையின் வயிற்றைப் பொது நிர்வாகத்தின் பொறுப்பாகக் கருதிய முதல் முயற்சிகளில் ஒன்று நெசவோடு தொடர்புள்ள ஒரு மனிதரிடமிருந்து வந்தது. 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. தியாகராயர் தேவாங்கர் குலத்தவர். வண்ணாரப்பேட்டையில் விசைநாடாத் தறிகள் கொண்ட நெசவுக்கூடம் நடத்தியவர். ஆரம்பக் கல்விக்கான நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவிடக்கூடாது என்று அரசாங்கம் மறுத்ததால் 1925-இல் திட்டம் நின்றது; 1927-இல் திரும்பத் தொடங்கியது. எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்ற கேள்வி ஒரு குழந்தையின் சாப்பாட்டை நிறுத்திவிடக்கூடும் என்பதற்கு இது நம் நாட்டின் பழைய உதாரணம். கடைசி உதாரணம் அல்ல.

அடுத்து வருவது 1953. இராஜாஜியின் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் பற்றி இதுவரை எழுதப்பட்டவை பெரும்பாலும் சாதியை மையமாகக் கொண்டவை, அது நியாயமும்தான். கிராமப்புறப் பள்ளிகளில் படிப்பு நேரம் நாளுக்கு மூன்று மணியாகச் சுருங்கியது. மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்பாளர்கள் வைத்த பெயரே நிலைத்தது. இந்தத் திட்டத்தை நெசவூர்களின் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு வயலில் வேலை பருவத்துக்குப் பருவம் மாறும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கோ, பள்ளியிலிருந்து திரும்பும் எந்த நாளிலும் எந்த மணியிலும் தறி காத்திருக்கிறது. கோர்வைப் புடவை நெய்யும்போது கரைக்கான நாடாவை மறுபக்கத்திலிருந்து தள்ளிவிட இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் சிறுகையாகவே இருந்துவந்தது. அரை நாள் பள்ளி என்பது அந்தச் சிறுகையைத் தறிக்குச் சட்டப்படி ஒப்படைப்பதாகும்.

விசித்திரம் என்னவென்றால், அதே இராஜாஜிதான் வேட்டியையும் புடவையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று மத்திய அரசிடம் வாதாடியவர். நெசவாளர் மேல் அவருக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதே 1953-இல் திராவிட முன்னேற்றக் கழகத்தினர், அண்ணா உட்பட, கைத்தறித் துணிகளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். இரு தரப்புக்கும் தறி தெரிந்திருந்தது. பிள்ளை யாருடையது, தறியுடையதா பள்ளியுடையதா என்பதில்தான் சண்டை. 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. 1956-இல் மதிய உணவுத் திட்டம் எட்டயபுரத்தில் தொடங்கியது. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று மக்களிடம் நெல்லும் பணமும் திரட்டியது தனிக்கதை. பசித்த பிள்ளையைப் பள்ளிக்கு இழுக்கச் சோறு வேண்டும் என்ற காமராஜரின் கணக்கு, மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட கணக்குக்கு நேர் எதிரானது.

பள்ளி வயதுக்கு முந்திய குழந்தையை நோக்கி அரசின் கவனம் திரும்பியதும் இதே காலத்தில்தான். 1953-இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் மத்திய சமூக நல வாரியம் அமைந்தது. சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு கிராமங்களில் மாதர் சங்கங்களும் பால்வாடிகளும் தோன்றின. பால்வாடி என்ற சொல் தாராபாய் மோடக்கின் வழியாக மேற்கிந்தியாவிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் அரசு எத்தனை முறை பெயரை மாற்றினாலும் மக்கள் அதைக் கைவிடவில்லை. குழந்தைகள் நல மையம், சத்துணவு மையம், அங்கன்வாடி, குழந்தைகள் மையம் என்று பலகைகள் மாறின. இன்றும் ஆரணிப் பக்கத்துப் பாட்டிகளுக்கு அது பால்வாடிதான். அங்கன் என்றால் முற்றம். பள்ளிக்கு வராத குழந்தைகளைத் தேடி அவர்களின் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனவர் தாராபாய். நெசவாளர் வீட்டில் அந்த முற்றத்தையும் பல சமயம் தறியே எடுத்துக்கொண்டுவிடுகிறது.

1972-இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு பள்ளிமுன் பருவக் குழந்தைகள் பற்றி அறிக்கை தந்தது. 1974-இல் தேசியக் குழந்தைகள் கொள்கை வந்தது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. இவற்றை விரிவாக எழுதியவர்கள் பலர் உண்டு. நான் நின்று பார்க்க விரும்புவது அதற்கடுத்த பத்தாண்டுகளைத்தான்.

*

1980-இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் தொடங்கியது. தென்மாவட்டங்களிலிருந்து விரிந்து, தொண்ணூறுகளில் அதன் இரண்டாம் கட்டம் மாநிலத்தின் பெரும்பாலான ஊராட்சி ஒன்றியங்களை எட்டியது. அதன் முறை இது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தையையும் மாதம் ஒருமுறை எடைபோட வேண்டும். எடை ஏறாத குழந்தைக்கும் மிக நலிந்த குழந்தைக்கும் 90 நாள் சத்துருண்டை. தொண்ணூறு நாளில் அரைக் கிலோ ஏறினால் உணவு நிறுத்தப்படும், இல்லையேல் தொடரும். உருண்டை தருவதைவிட, எடை ஏன் ஏறவில்லை என்று தாய்க்குப் புரியவைப்பதே முக்கியம் என்றார்கள் திட்டத்தை வகுத்தவர்கள்.

நெசவாளர் குடும்பத்துக்குத் தராசு புதிதல்ல. கூட்டுறவுச் சங்கமானாலும் தனி முதலாளியானாலும் பட்டு நூலையும் ஜரிகையையும் எடைபோட்டுத்தான் கொடுப்பார்கள். புடவை நெய்து கொண்டுவந்ததும் அதையும் எடைபோட்டுச் சரிபார்ப்பார்கள். குறைந்தால் கூலியில் பிடிப்பு. இந்தத் தராசின் மேல் நெசவாளருக்கு இருக்கும் அச்சம் பரம்பரைச் சொத்து. அந்த உலகத்துக்குள் குழந்தையை நிறுத்தும் ஒரு தராசு வந்தது, எடை குறைந்தால் தண்டனைக்குப் பதிலாக உணவு தரும் தராசு. நலத்திட்டங்களின் வரலாற்றில் இப்படிப்பட்ட சிறு திருப்பங்களை நாம் கவனிப்பதே இல்லை.

இது நடந்துகொண்டிருக்கும்போதே 1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கிராமப்புறத்தில் இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் ஒருவேளை சூடான சோறு. இரண்டரை மாதத்தில், செப்டம்பர் 15 அன்று, நகரங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. 1984-இல் பதினைந்து வயது வரை. பொருளாதார நிபுணர்கள் கேலி செய்தார்கள். கஜானா தாங்காது என்றார்கள். வாக்குக்காகச் செய்வது என்றார்கள். அரசியல் கணக்கு அதில் இருந்தது உண்மை. ஆனால் இரு திட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தறிவீட்டுக்கு எது பொருந்தும் என்பதில் சந்தேகமே வராது. ஊட்டச்சத்துத் திட்டம் தாயின் நேரத்தைக் கேட்டது: மாதாமாதம் வா, எடைபோடு, கேள், கற்றுக்கொள். அது நல்ல யோசனை. ஆயினும் புடவை முடித்துக் கொடுக்க வேண்டிய வாரத்தில் தறியை விட்டு எழுந்து வருவது கூலியை விட்டு வருவதாகும். சத்துணவு தாயிடம் எதையும் கேட்கவில்லை. பிள்ளையை அனுப்பு, அவ்வளவுதான். பிள்ளை போனதும் மத்தியானச் சமையல் ஒன்று குறைகிறது, தறிப்பக்கம் வரும் ஒரு ஜோடிக் கால்களும் குறைகின்றன. உணவுத் திட்டமாக அறிவிக்கப்பட்டது காப்பகமாகவும் வேலை செய்தது. அரசாணைகளில் அந்தச் சொல் முக்கியமாக இடம்பெறவில்லை. தெருவில் அதன் பயன் அதுவாகவும் இருந்தது.

இந்த மையங்களில் அமைப்பாளராகவும் ஆயாவாகவும் சமையலராகவும் வேலைக்கு வந்தவர்களில் விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. அதாவது குடும்பத்துக்கு உதவும் மையமே சில குடும்பங்களின் வருமானமாகவும் ஆயிற்று. முழு அரசு ஊழியர் தகுதி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. சிறப்புக் காலமுறை ஊதியம் என்ற இடைப்பட்ட நிலையில் வைக்கப்பட்டு, ஓய்வூதியத்துக்காகவும் காலமுறை ஊதியத்துக்காகவும் அவர்கள் வீதிக்கு வந்து போராடுவது பல ஆட்சிகளாகத் தொடர்கிறது. குழந்தை வளர்ப்பு பெண்ணுக்கு இயல்பாக வருவது, அதற்கு எதற்குச் சம்பளம் என்ற பழைய எண்ணம் அரசின் ஊதியப் பட்டியலுக்குள்ளும் புகுந்திருக்கிறது. தாயின் தார் சுற்றும் வேலைக்குத் தனிக் கூலி கிடையாது என்பதும் இதே எண்ணத்தின் இன்னொரு முகம்தான்.

*

வேலை செய்யும் தாயின் குழந்தைக்குக் காப்பகம் வேண்டும் என்பதைச் சுதந்திர இந்தியா சீக்கிரமே ஏற்றுக்கொண்டது. 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. 1976-இல் அந்த எண் முப்பதாகக் குறைந்தது. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டமும் 1966-இன் பீடித் தொழிலாளர் சட்டமும் இதே வழியில் சென்றன. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம் ஐம்பது ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு இதை விதித்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் ஐம்பது என்ற எண்ணையே வைத்துக்கொண்டன.

முப்பதோ ஐம்பதோ, இந்த எண்களின் பின்னால் ஒரு சித்திரம் இருக்கிறது. வீடு ஓரிடம், வேலை வேறிடம், நடுவில் ஒரு வாயிற்கதவு. ஆரணியில் ஒரே தெருவில் ஐம்பது பெண்கள் ஒரே முதலாளிக்காகப் பட்டுவேலை செய்யலாம். ஆனால் அவர்கள் ஐம்பது வீடுகளில் செய்கிறார்கள். ஆகவே சட்டத்தின் கண்ணில் அந்தத் தெருவில் ஒரு தொழிலாளியும் இல்லை. ஆலைப் பெண்ணுக்கு ஏட்டிலாவது உரிமையாக இருந்த ஒன்று தறிவீட்டுப் பெண்ணுக்கு ஏட்டிலும் இல்லை. அவளுக்கு மிஞ்சியது தெருமுனை பால்வாடி மட்டும்.

குழந்தைத் தொழில் சட்டத்திலும் இதே வீட்டுச் சுவர் குறுக்கே நின்றது. 1986-இன் சட்டம், குடும்பத்தினர் உதவியோடு நடக்கும் தொழிலுக்கு விலக்கு அளித்தது. பட்டுத்தறிகளில் முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் வேலைக்கு விடப்படுவது அந்த விலக்கின் நிழலில் நடந்தது. 2003-இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் கர்நாடகம், உத்தரப்பிரதேசம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் பட்டுத்தொழிலில் கொத்தடிமைச் சிறுவர்கள் பற்றி வெளியிட்ட அறிக்கை உலகின் கவனத்தை இப்பக்கம் திருப்பியது. 2004-இல் இந்திய, அமெரிக்க அரசுகளின் கூட்டு நிதியில் தொடங்கிய இண்டஸ் திட்டம் பட்டுத்தொழிலையும் அபாயகரமான பத்துத் தொழில்களின் பட்டியலில் சேர்த்தது. அது தேர்ந்த தமிழக மாவட்டங்களில் காஞ்சிபுரமும் திருவண்ணாமலையும் இருந்தன. தறியிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள், பெற்றோருக்குக் கடனுதவி என்று சில ஆண்டுகள் நடந்தது. 2016-இன் சட்டத் திருத்தம் எல்லாத் தொழில்களிலும் பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்தது. ஆனால் பள்ளி முடிந்து குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற வாசலை மட்டும் திறந்தே வைத்தது. 1953-இன் அரை நாள் தறி இப்படி மாலை நேரத் தறியாகத் திரும்பி வந்திருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன். இன்று நெசவாளர்களே தம் பிள்ளைகள் தறிக்கு வரவேண்டாம் என்று நினைப்பதால் அந்த வாசலைப் பயன்படுத்துவோர் குறைந்திருக்கலாம். அது சட்டத்தின் சாதனை அல்ல, கூலியின் அவலம்.

பெரிய பிள்ளையின் படிப்புக்கும் சின்னப் பிள்ளையின் மையத்துக்கும் உள்ள தொடர்பு இங்கேதான் விளங்கும். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீட்டில் பள்ளியிலிருந்து நிறுத்தப்படுவது அக்கா. அவள் வீட்டில் நின்றால், தம்பி தூங்கும் நேரத்தில் தறிக்கும் ஒரு கை கிடைத்துவிடும். மீட்புப் பள்ளி பதினொரு வயதில் செய்ய முயன்ற காரியத்தை, நேரத்தோடு திறந்து நேரம் தாழ்த்தி மூடும் ஒரு பால்வாடி பல வருடம் முன்னதாகவே செய்துவிட முடியும்.

தமிழ்நாட்டின் மையங்கள் இந்த விஷயத்தில் மற்ற மாநிலங்களைவிட எவ்வளவோ மேல். 2006-இல் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றி ழான் த்ரேஸ் போன்றோர் பங்கேற்ற ஆய்வறிக்கை, இங்கே அங்கன்வாடிகள் நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்கும் மேலாகத் திறந்திருப்பதையும், வட மாநிலங்களில் அதில் ஏறத்தாழப் பாதி நேரமே திறந்திருப்பதையும் பதிவு செய்தது. மேலிருந்து கீழ்வரை பெண்களே நடத்துவதும் அதற்கு ஒரு காரணம் என்று கண்டது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாடெங்கும் 14 லட்சம் அங்கன்வாடிகளைத் திறக்க ஆணையிட்டது. தமிழ்நாட்டில் இன்று 54 ஆயிரத்துக்கு மேல் மையங்கள் இருக்கின்றன. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. வெயில் ஏறுமுன் பாவு வேலை முடிக்க வேண்டிய நெசவுத் தெருக்களில் அந்தக் காலைப்பொழுதின் அருமை தனி.

மிச்சமிருப்பது ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட காலம். 1982 முதலே மையத்துச் சோறு இரண்டு வயதில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குச் சத்துமாவு வீடு தேடி வருகிறது. குழந்தை வீட்டிலேயே இருக்கிறது. தவழ்வதும், எழுந்து நிற்பதும், கையில் அகப்பட்டதை வாயில் வைப்பதும் அந்த வயதில்தான். தறிக்குழி இருக்கும் வீட்டில் எந்த வயதில் காப்பகம் மிகவும் தேவையோ அந்த வயதுக்கு அது இல்லை.

2022-இல் மத்திய அரசு பால்னா என்ற பெயரில் காப்பகத் திட்டத்தைத் திருத்தி அமைத்தது. அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை. நாளுக்கு ஏழரை மணி நேரம். மாதம் 26 நாள். ஒரு காப்பகத்துக்கு 25 குழந்தைகள். தாய் எங்கே வேலை செய்கிறாள், வேலை செய்கிறாளா என்ற கேள்வியே அதன் விதியில் இல்லை. ஐம்பது பெண்கள் ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை விலகிய இடம் என்று இதைச் சொல்லலாம். நாடு முழுவதற்கும் திட்டமிடப்பட்ட எண்ணிக்கை 17 ஆயிரம். பதினான்கு லட்சம் அங்கன்வாடிகளில் நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டும். எந்த ஊருக்கு, எந்தத் தெருவுக்கு என்று தேர்ந்தெடுத்துத்தான் ஆகவேண்டும். ஆரணியில் அதற்குப் புதிதாக ஆய்வு எதுவும் தேவைப்படாது. எந்தத் தெருவில் எத்தனை தறி, எந்தக் கதவிலக்கத்துக்கு இலவச மின்சாரம் என்ற பட்டியல் கைத்தறித் துறையிடம் இருக்கிறது. சமூக நலத் துறை அதைக் கேட்டு வாங்கினால் போதும்.